ஆங்கிலச் சொற்களின் லத்தீன் வேர்கள்: வரலாற்றோடு கற்போம்



தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனிடம் "தாவர உண்ணி என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "செடி கொடியைத் தின்னும் விலங்கு, டீச்சர்" என்று சட்டெனச் சொல்வான். மாமிச உண்ணி, அனைத்துண்ணி என்று எடுத்துக்காட்டோடு அடுக்குவான். அதே மாணவன் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். அங்கே அறிவியல் நூலில் 'ஹெர்பிவோர்', 'கார்னிவோர்', 'ஒம்னிவோர்' என்று மூன்று சொற்கள் நிற்கின்றன. ஆங்கில நூலிலும் அதே சொற்கள், மலாய் நூலிலும் ஏறத்தாழ அதே சொற்கள். பையன் வாயடைத்துப் போகிறான். தெரிந்த பாடத்துக்கே தெரியாதவன் போல உட்கார்ந்திருக்கிறான்.

அவனுக்குத் தெரியாதது அறிவியலா? இல்லை. நான்கு லத்தீன் வேர்கள், அவ்வளவுதான். 'ஹெர்பா' என்றால் புல், செடி. 'கார்னிஸ்' என்றால் இறைச்சியின். 'ஒம்னிஸ்' என்றால் எல்லாம். 'வொராரே' என்றால் விழுங்குவது. ஆக, 'வோர்' என்பது நம்முடைய 'உண்ணி'. சொல் கட்டப்பட்டிருக்கும் முறைகூட ஒன்றுதான். தாவரம் + உண்ணி, ஹெர்பி + வோர். இதை ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் பிரித்துக் காட்டினால் பையன், "அட, இதுதானா!" என்பான்.

கூடுதலாக ஒன்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கு வரும் 'பஸ்' எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு 'ஒம்னிபஸ்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் 'எல்லாருக்கும்' என்று பொருள். ஆங்கிலத்தில் தலை தேய்ந்து வால் மட்டும் மிஞ்சியது. அதுதான் பஸ். தமிழ்நாட்டில் தனியார் தொலைதூரப் பேருந்தை இன்னமும் 'ஆம்னி பஸ்' என்கிறார்கள். தலையும் வாலும் அங்கே மறுபடி ஒட்டிக்கொண்டன!

பட்டியலை மனப்பாடம் செய்தால் போதாதா?

பல வகுப்புகளில் வேர்ச்சொல் பாடம் ஒரு தாளோடு முடிந்துவிடுகிறது. இந்தப் பக்கம் நூறு வேர்கள், அந்தப் பக்கம் நூறு பொருள்கள், வெள்ளிக்கிழமை சோதனை. வெள்ளிக்கிழமை சரியாக எழுதுவார்கள். திங்கட்கிழமை கேட்டால் பாதி போயிருக்கும். காரணம், அந்தத் தாளில் ஆள் இல்லை, ஊர் இல்லை, காலம் இல்லை.

ஒரு சொல் யார் கையில், எந்தக் காலத்தில், எந்த வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது என்று தெரிந்தால் மூன்று நன்மைகள் உண்டு. பொருள் மனத்தில் தங்கும். எழுத்துக்கூட்டல் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். கட்டுரையில் எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியும். ஆகவே, முதலில் கொஞ்சம் வரலாறு.

ஆங்கிலத்துக்குள் லத்தீன் வந்த நான்கு அலைகள்

ஆங்கிலம் அடிப்படையில் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. நீர், வீடு, உண், போ, கை, கால் போன்ற அன்றாடப் பொருளுக்கான ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் அந்தப் பிறப்புவழிச் சொற்களே. லத்தீன் அதற்குள் அலை அலையாக வந்தது.

முதல் அலை, வாணிகமும் படையும். ஆங்கிலேயரின் முன்னோர் பிரிட்டன் தீவுக்கு வருமுன்பே ஐரோப்பாவில் ரோமானியரோடு பழகியவர்கள். 'வைன்', 'வால்' (மதில்), 'ஸ்ட்ரீட்', 'மைல்' போன்ற சொற்கள் அந்தப் பழக்கத்தில் வந்தவை. 'மைல்' என்பது லத்தீனில் 'ஆயிரம்' என்று பொருள்படும் 'மில்லே'. ரோமானியப் படைவீரனின் ஆயிரம் இரட்டையடிதான் ஒரு மைல். பிரிட்டனை ரோமானியர் கி.பி. 43இல் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் கைப்பற்றத் தொடங்கி, ஏறத்தாழ 410 வரை ஆண்டனர். அவர்களுடைய படைமுகாமுக்கு 'காஸ்ட்ரா' என்று பெயர். மான்செஸ்டர், லங்காஸ்டர், லெஸ்டர் என்ற ஊர்ப்பெயர்களின் வால் அதுதான். காற்பந்து ரசிகர்களான நம் மாணவர்கள் வாராவாரம் லத்தீன் பேசிக்கொண்டிருக்கிறார்கள்!

இரண்டாம் அலை, சமயம். 597இல் போப் கிரெகோரி அனுப்பிய அகஸ்டின் என்ற துறவி கெண்ட் பகுதிக்கு வந்தார். கிறிஸ்துவ சமயத்தோடு லத்தீன் எழுத்தும் ஏடும் வேரூன்றின. 'ஆல்டர்' (பலிபீடம்), 'கேண்டில்' (மெழுகுவத்தி), 'ஸ்கூல்' ஆகியவை பழைய ஆங்கிலக் காலத்திலேயே உள்ளே வந்துவிட்டவை.

மூன்றாம் அலை, ஆட்சி. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. பிரெஞ்சு, லத்தீனின் மகள். ஆகவே, அந்த வழியாக வந்ததும் லத்தீன்தான், கொஞ்சம் உருமாறிய லத்தீன். 'ஜட்ஜ்', 'கோர்ட்', 'ஜஸ்டிஸ்' எல்லாம் இந்த அலை. தொழுவத்தில் நிற்கும்போது 'கவ்', சமைத்துத் தட்டில் வைத்தால் 'பீஃப்'. கொட்டிலில் 'பிக்', தட்டில் 'போர்க்'. விலங்கின் பெயர் உழவனுடைய மொழி. இறைச்சியின் பெயர் பிரபுவின் மொழி.

மூன்று நூற்றாண்டு கழித்து, 1362இல், நீதிமன்றத்தில் வழக்காடும் மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை என்பதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தையே பிரெஞ்சு மொழியில்தான் எழுதினார்கள். வழக்கின் பதிவேட்டை லத்தீனில் வைக்க வேண்டும் என்றும் அதிலேயே சொன்னார்கள்! மொழி மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

நான்காம் அலை, புத்தகம். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் மருத்துவம், சட்டம், அறிவியல் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்படலாயின. வேண்டிய சொற்களை அறிஞர்கள் லத்தீன் நூல்களிலிருந்து நேராக அள்ளிக்கொண்டார்கள். இன்று தேர்வுத்தாளில் உங்களைப் பயமுறுத்தும் நீளமான சொற்களில் பெரும்பகுதி இந்த அலையில் வந்தது.

இதனால் ஒரே லத்தீன் வேர் இரண்டு தடவை உள்ளே வந்ததும் உண்டு. பிரெஞ்சு வழியாக வந்து தேய்ந்தது 'ராயல்'. ஏட்டிலிருந்து நேராக வந்தது 'ரீகல்'. இரண்டுக்கும் அரசு என்ற பொருள்தான். அப்படியே 'ஃப்ரெயில்', 'ஃப்ராஜைல்' இரண்டும் எளிதில் நொறுங்குவதைக் குறிப்பவை. 'ஷ்யூர்', 'செக்யூர்' இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

மாணவர்களே, இங்கே ஒரு தேர்வுக் குறிப்பு. கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்க்' என்ற பிறப்புவழிச் சொல் உண்டு. பிரெஞ்சு வழியே வந்த 'க்வெஸ்சன்' உண்டு. நேர் லத்தீனான 'இன்டராகேட்' உண்டு. நண்பனிடம் கேட்பது முதலாவது. சந்தேகத்தோடு கேட்பது இரண்டாவது. போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்பது மூன்றாவது. தமிழில் வீடு, இல்லம், கிருகம் என்று மூன்று இருந்தாலும் 'கிருகத்துக்குப் போய்ச் சாப்பிட்டேன்' என்று யாரும் எழுதுவதில்லையே! நீளமான சொல்லைப் போட்டால் மதிப்பெண் கூடும் என்று நினைக்காதீர்கள். இடம் பார்த்துப் போட்டால்தான் கூடும்.

வேர் முறை யாருக்காகப் பிறந்தது?

நான்காம் அலை எல்லாருக்கும் பிடிக்கவில்லை. அந்நாளில் மையை மாட்டுக் கொம்பில் ஊற்றி வைப்பார்கள். ஏட்டுப்படிப்பைக் காட்டிக்கொள்ளப் போடும் லத்தீன் சொற்களுக்கு 'மைக்கொம்புச் சொற்கள்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். 1553இல் தாமஸ் வில்சன் என்பவர் தம் சொற்கலை நூலில், இப்படிப்பட்ட சொற்களையே கோத்து ஒரு கிண்டல் கடிதம் எழுதிக் காட்டினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் சீக் இன்னும் ஒரு படி போனார். விவிலியத்தை மொழிபெயர்க்கும்போது, நூறு வீரர்களின் தலைவனைக் குறிக்கும் 'செஞ்சூரியன்' என்ற லத்தீன் சொல்லை விட்டுவிட்டு, 'ஹண்ட்ரட்' என்பதிலிருந்து 'ஹண்ட்ரடர்' என்று ஒரு சொல்லைக் கட்டினார். தனித்தமிழ் இயக்கத்தை அறிந்த நமக்கு அவருடைய மனம் நன்றாகவே புரியும்.

சீக் கட்டிய அந்தச் சொல் நிலைக்கவில்லை. வில்சன் கேலி செய்த சொற்களில் 'செலிபரேட்', 'கபாசிட்டி' போன்றவை நிலைத்துவிட்டன. அன்றைக்குப் படித்தவரே சிரித்த சொல்லை இன்றைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பிறந்தநாள் கட்டுரையில் எழுதுகிறது.

ஆனால், இதில் கவனிக்க வேண்டியது வேறு. லத்தீன் படித்தவருக்கு இந்தச் சொற்கள் பாரமே இல்லை. அந்நாளில் 'கிராமர் ஸ்கூல்' என்றால் லத்தீன் இலக்கணப் பள்ளி என்றுதான் பொருள். ஆண்பிள்ளைகள் போனார்கள், படித்தார்கள், புதுச் சொல்லைப் பார்த்ததும் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளியின் கதவு யாருக்குத் திறக்கவில்லையோ அவர்கள்தான் திண்டாடினார்கள். பெண்களும் கடைக்காரரும் கைவினைஞரும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தும், தம் தாய்மொழி நூலிலேயே பாதிச் சொல் புரியாமல் நின்றார்கள்.

அவர்களுக்காக 1604இல் ஒரு சிறு நூல் வந்தது. எழுதியவர் ராபர்ட் காட்ரி. முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு சமய ஊழியர். அகர வரிசையில் ஏறத்தாழ 2,500 கடின சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எளிய ஆங்கிலத்தில் பொருள். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதியாக இன்று போற்றப்படுவது இதுதான். பெண்களுக்காகவும் கல்வி வாய்ப்புக் குறைந்த மற்றவர்களுக்காகவும் தொகுத்தது என்று தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டார். இன்னொன்றும் செய்தார். கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லுக்கு ஓர் அடையாளம், பிரெஞ்சு வழி வந்ததற்கு வேறோர் அடையாளம் என்று பக்கத்திலேயே குறியிட்டுக் காட்டினார். சொல் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் பழகுவது எளிது என்பதை அந்த ஆசிரியர் 400 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். முதல் பதிப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

ஆசிரியர்களே, இதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடின சொல்லைப் பிரித்து விளக்கும் வேலை, கதவுக்கு வெளியே நின்றவர்களுக்காகத் தொடங்கியது. நீளமான சொல்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் நம் பிள்ளைகள் மட்டும் அல்லர். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் திகைத்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ஒலிக்காத எழுத்தின் கதை

கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காத ஒரு 'பி' எழுத்து நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆண்டுதோறும் மாணவர்கள் அதை விட்டுவிட்டு மதிப்பெண் இழப்பார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' இல்லவே இல்லை. லத்தீன் மூலம் 'டெபிட்டும்' என்பதை அறிந்த பண்டிதர்கள், மூலத்துக்கு மரியாதை செய்வதாக எண்ணி எழுத்தை மட்டும் நுழைத்தார்கள். மக்களுடைய நாக்கு அதை ஏற்கவில்லை. ஆகவே, எழுத்தில் உண்டு, ஒலியில் இல்லை. 'டெபிட் கார்டு' என்று சொல்லிப் பாருங்கள், அங்கே 'பி' வாய்விட்டுக் கேட்கும். இரண்டும் ஒரே வேர். இனி அந்த எழுத்து மறக்காது.

சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்' சொல்லில் உள்ள 'பி'யும் இப்படி வந்ததுதான். லத்தீன் மூலம் 'டுபிடாரே'. ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' சொல்லில் ஒலிக்காத 'பி' எழுத்து, 'ரிசெப்ஷன்' என்று சொல்லும்போது ஒலிக்கும்.

பண்டிதர்கள் தவறும் செய்தார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' பிறப்புவழி ஆங்கிலச் சொல். அதில் 'எஸ்' கிடையாது. லத்தீன் 'இன்சுலா'விலிருந்து பிரெஞ்சு வழி வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு குழப்பி, இதற்கும் ஓர் 'எஸ்' போட்டுவிட்டார்கள். தவறு நிலைத்துவிட்டது. நாம்தான் மனப்பாடம் செய்கிறோம்!

நம் வீட்டுக்குள்ளேயே லத்தீன்

"லத்தீன் எங்கேயோ ரோமாபுரியில் பேசியது, நமக்கென்ன?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். அவர் அமர்ந்திருக்கும் மேசையைக் காட்டுங்கள்.

போர்த்துகீசியம் லத்தீனின் இன்னொரு மகள். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார். 1511இல் அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். தமிழ்க் கடற்கரைக்கும் மலாய்க் கடற்கரைக்கும் ஒரே கப்பல்கள் வந்தன, ஒரே பொருள்களை இறக்கின. ஆகவே, தமிழும் மலாயும் ஒரே சொற்களை வாங்கிக்கொண்டன.

தமிழில் மேசை, மலாயில் 'மேஜா'. மூலம் லத்தீன் 'மென்சா'. தமிழிலும் மலாயிலும் 'அலமாரி'. மூலம் 'அர்மாரியும்', கருவிகளையும் ஆயுதங்களையும் வைக்கும் இடம்; ஆங்கிலத்தின் 'ஆர்ம்ஸ்', 'ஆர்மி' இதன் உறவு. தமிழில் சன்னல், மலாயில் 'ஜெண்டேலா'. மூலம் வாயிலைக் குறிக்கும் 'யானுவா'. ஆண்டின் வாயிலாகிய ஜனவரி மாதத்துக்கும் அதே உறவு. தமிழில் சாவி. மூலம் 'கிளாவிஸ்'. உயிரியலில் தோள்பட்டைக்குப் பக்கத்து எலும்பை 'கிளாவிக்கிள்' என்று படிக்கிறீர்களே, அதற்குக் குட்டிச் சாவி என்று பொருள்! மலாயில் சக்கரத்துக்கு 'ரோடா'. மூலம் 'ரோட்டா', ஆங்கிலத்தில் 'ரொட்டேட்'. மலாயில் பள்ளிக்கூடம் 'செகோலா', ஆங்கிலத்தில் 'ஸ்கூல்'. இரண்டும் 'ஸ்கோலா'. அந்த ஸ்கோலாவை லத்தீனே கிரேக்கத்திடம் கடன் வாங்கியதுதான்.

இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு மாற்றம் தெரியும். மூன்று மொழியைச் சுமக்கிறோம் என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, மூன்றிலும் ஒரே சொல் வேறு சட்டை போட்டு நிற்பது தெரிய வந்தால், சுமை கொஞ்சம் இறங்கும்.

ஒத்த ஒலியும் உண்மை உறவும்

இன்னொரு பாலமும் நம்மிடம் உண்டு. 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று ஆசியக் கழகத்தில் உரையாற்றினார். அந்தக் குடும்பத்தை இன்று இந்தோ-ஐரோப்பியம் என்கிறோம். தமிழில் புழங்கும் வடசொற்கள் சில, இதனால் லத்தீன் வேர்களுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள்.

பாதம் என்றால் லத்தீனில் 'பெடிஸ்' என்ற வேர். 'பெடல்', 'பெடஸ்ட்ரியன்' (பாதசாரி). தந்தம் என்றால் 'டென்டிஸ்', 'டென்டிஸ்ட்'. தானம் என்றால் 'டோனும்', 'டொனேட்'. மரணம் என்றால் 'மோர்ட்டிஸ்', 'மோர்டல்'. வாகனம் என்றால் 'வெகெரே', 'வெஹிக்கிள்'. அக்கினி என்றால் 'இக்னிஸ்', 'இக்னைட்'. நவீனம் என்றால் 'நோவுஸ்', 'இன்னோவேட்'.

மாதங்களையும் பாருங்கள். சப்தம், அஷ்டம், நவம், தசம் என்பவை ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர்! "டீச்சர், டிசம்பர் பன்னிரண்டாவது மாதமாச்சே?" என்று கேட்கும் மாணவனைப் பாராட்டுங்கள். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அந்தக் கணக்கில் டிசம்பர் பத்தாவதுதான்.

இங்கேதான் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஒற்றுமைகளைக் கண்டதும், "லத்தீனே தமிழிலிருந்துதான் வந்தது" என்று சொல்லிவிட ஆசை வரும். கைதட்டும் கிடைக்கும். ஆனால், அது உண்மை அன்று. மேலே உள்ளவை தமிழ் ஏற்றுக்கொண்ட வடசொற்கள். தமிழ் வேறு குடும்பம். சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1816இல் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் அதை விரிவாக நிறுவினார். தமிழுக்குத் தனி வேர் உண்டு என்பதே நம் பெருமை. அதை இன்னொரு மொழியின் தாய் என்று நீட்டினால், அந்தப் பெருமையை நாமே கலைத்தவர் ஆவோம். ஆங்கிலத்துக்குத் தமிழ் உண்மையாகவே தந்த சொற்கள் இருக்கின்றன. கட்டுமரம் 'கட்டமரன்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணி 'மல்லிகட்டானி' ஆனது. அவற்றைச் சொல்லுவோம்.

பகுபதம் படித்தவருக்குப் பாதி வேலை முடிந்தது

பகுதி, விகுதி, இடைநிலை என்று பகுபத உறுப்புகளைப் பிரிக்கக் கற்றவருக்கு லத்தீன் வேரைப் பிரிப்பது புதுப் பாடமே இல்லை. 'டிக்ட்' என்றால் சொல். 'ப்ரி' என்றால் முன். 'ப்ரிடிக்ட்' முன்கூட்டிச் சொல். 'காண்ட்ரா' என்றால் எதிர். 'காண்ட்ரடிக்ட்' எதிர்த்துச் சொல், அதாவது முரண்படு.

புணர்ச்சி விதிகூட இருக்கிறது. பொன் + குடம் பொற்குடம் ஆவதுபோல, அடுத்த எழுத்தைப் பார்த்து முன்னொட்டு மாறும். இல்லை என்று பொருள்படும் 'இன்', 'பாசிபிள்' முன்னால் 'இம்' ஆகிறது. 'லீகல்' முன்னால் 'இல்' ஆகிறது. 'ரெகுலர்' முன்னால் 'இர்' ஆகிறது. இரட்டை எழுத்து எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? இடமளித்தலைக் குறிக்கும் 'அக்காமடேட்' சொல்லில் 'சி' இரண்டு, 'எம்' இரண்டு. முன்னொட்டுகள் இரண்டு வந்து புணர்ந்ததால் இரண்டு இடத்தில் இரட்டிப்பு. விதி தெரிந்தவர் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

ஏமாற்றும் வேர்கள்

வேர் சாவிதான், ஆனால் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. 'பெடல்' காலோடு தொடர்புடையது. குழந்தை மருத்துவரைக் குறிக்கும் 'பீடியாட்ரிஷன்' காலோடு தொடர்புடையது அன்று. அது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். 'இன்' என்பதற்கு இல்லை என்றும் பொருள் உண்டு, உள்ளே என்றும் பொருள் உண்டு. 'இன்விசிபிள்' கண்ணுக்குத் தெரியாதது. 'இன்ஸ்பெக்ட்' உள்ளே பார்ப்பது. 'மானுஃபேக்சர்' என்றால் கையால் செய்தல். இன்று இயந்திரம் செய்வதற்கும் அதே சொல்தான். கதைகளும் ஏமாற்றும். 'சேலரி' என்பது உப்பைக் குறிக்கும் 'சால்' என்ற வேரிலிருந்து வந்தது உண்மை. ரோமானிய வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்று பரவும் கதைக்கு உறுதியான பழஞ்சான்று இல்லை.

ஆகவே, மாணவர்களே, வேரை வைத்து ஊகியுங்கள். வாக்கியத்தை வைத்துச் சரிபாருங்கள். ஐயம் இருந்தால் அகராதியைத் திறங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள்

வாரத்துக்கு ஒரே ஒரு வேர் போதும். திங்கட்கிழமை வேரை ஆங்கில எழுத்தில் பலகையின் நடுவில் எழுதுங்கள். பொருளை நீங்கள் சொல்லாதீர்கள். 'போர்ட்' என்று எடுத்துக்கொண்டால், மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த 'டிரான்ஸ்போர்ட்', 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்', 'போர்டபிள்' ஆகியவற்றைச் சுற்றிலும் எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். "தூக்கிட்டுப் போறது, சார்!" என்று யாராவது கத்துவார்கள். சரிதான், 'போர்டாரே' என்றால் சுமத்தல்.

புதன்கிழமை ஒரு வரலாற்றுக் கதை. 'ஆப்பர்சூனிட்டி' என்ற சொல்லுக்குள்ளும் ஒரு 'போர்ட்' இருக்கிறது, ஆனால் இது துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்டுஸ்'. கப்பலைத் துறைமுகம் நோக்கித் தள்ளும் நல்ல காற்றுக்கு ரோமானியர் வைத்த பெயரிலிருந்து வந்தது இந்தச் சொல். காற்று வீசும்போதே பாயை விரிக்க வேண்டும், அதுதான் வாய்ப்பு.

வெள்ளிக்கிழமை, தமிழிலும் மலாயிலும் அதே கருத்துள்ள சொற்களைத் தேடி, ஒன்றை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லுங்கள். பத்து வாரத்தில் பத்து வேர். அதிலிருந்து கிளைக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள், நீங்களே வியப்பீர்கள்.

தொடக்கத்தில் சொன்ன பையன் நினைவிருக்கிறதா? அவனுக்கு 'உண்ணி' தெரியும். 'வோர்' என்பதும் அதுதான் என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 1604இல் ஓர் ஆசிரியர் தம் காலத்துப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அதைச் சொன்னார். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவோம். முதல் வாரத்துக்கு 'வோர்' என்ற வேரையே எடுத்துக்கொள்ளுங்களேன்.